மழைக்கோட்டுப் பையில் கிடந்த மாத்திரைகள்

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மதுக்கரைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது என்னால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் ஜன்னலோரம் ஜெனி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனி என் மகள். அது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. விசுவாசக் குடும்பமாகிய உங்களிடம் மனம் திறந்து பேசுகிறேன், ஆனாலும் அவள் பெயர் அவளுக்குச் சொந்தமானது.

அதற்குச் சற்று முன்தான் டாக்டர் கேட்டார்.

"மாத்திரை விடாம குடுக்கறீங்களாம்மா?"

"ஒரு வேளை கூட விட்டதில்லைங்க."

"அப்புறம் எப்படி வைரஸ் அளவு ஏறுது? இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். குறையலைன்னா மருந்த மாத்த வேண்டி வருமுங்க."

ஜெனி எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். பெற்றோர் இருவரும் இறந்துபோக, காப்பகத்தில் வளர்ந்தாள். எங்களுக்குப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இப்படி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், ஆறு வயது என்று சொன்னார்கள். கிரைண்டர் கம்பெனியில் வேலை செய்யும் என் கணவர் உடனே, "வரட்டுங்க" என்றார். நான் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் நான் ஜெபிக்கவில்லை, பயந்தேன். அவள் வந்த முதல் வாரம் அவளுக்கென்று தனி டம்ளர் வைத்தேன். சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது என்று தெரிந்தே வைத்தேன். கர்த்தர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தத்து உத்தரவு இன்னும் வரவில்லை. அதற்குள் இந்த ரிசல்ட்.

அந்த மாதம் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. காலையும் சாயங்காலமும் மணி பார்த்து மாத்திரை கொடுப்பேன். டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவேன், சரியாக இருக்கும். மறுபடியும் எண்ணுவேன். தைக்க வந்த ஜாக்கெட்டுகள் அப்படியே கிடந்தன. நோயை எடுத்துப்போடும் என்று முழங்காலில் நின்றால் பாதி ஜெபத்தில் எழுந்துவிடுவேன். ஜெனியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "எனக்கு ஒன்னுமில்லைங்கம்மா" என்று தள்ளிப் போவாள்.

ஒரு நாள் காலையில் அழுகைகூட வரவில்லை. "ஆண்டவரே, தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். என்னிடம் இருந்தாலும் காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

பள்ளிக்குக் கிளம்பும் நேரம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் வந்தது. ஆணியில் தொங்கிய ஜெனியின் மழைக்கோட்டை எடுத்து உதறினேன். பையிலிருந்து மாத்திரைகள் தரையில் சிதறின. சில எச்சிலில் கரைந்து பையிலேயே ஒட்டியிருந்தன. தண்ணீர் டம்ளரை வாங்கி வைக்க நான் திரும்பும் நேரத்தில் கையில் துப்பி, இதில் சேர்த்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஏன் கண்ணு இப்படிச் செஞ்சுபோட்டே?"

தரையில் கிடந்த மாத்திரைகளைப் பார்த்தாள். பிறகு, "நல்லாயிட்டா அனுப்பிப்போடுவீங்கள்ல?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"நீங்கதானுங்கம்மா. போன்ல சித்திகிட்ட."

காரமடையில் இருக்கும் என் தங்கை, ஜெனி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜெனியைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு நாள் போனில் அவள் நெருக்கியபோது, "கொஞ்சம் ஒடம்பு தேறட்டும், அப்புறம் அனுப்பறதா வேண்டாமான்னு யோசிக்கலாம்" என்று சொன்னேன். அவள் வாயை அடைக்கச் சொன்னதாக நினைத்திருந்தேன். முழுப் பொய் இல்லை அது. எனக்குள் ஒரு பாதி அப்படித்தான் நினைத்தது. என் பிள்ளை எங்களோடு இருப்பதற்காகச் சாகவும் துணிந்திருக்கிறாள்.

அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவள் கேட்கும்படி தங்கைக்குப் போன் போட்டேன்.

"இவ எம்புள்ள. ஒடம்பு தேறினாலும் தேறாட்டியும் இந்த ஊட்லதான் இருப்பா. இனி அதப் பத்திப் பேசாதே அம்மணி."

தங்கை போனை வைத்துவிட்டாள். இன்றுவரை வரவில்லை. அவளுக்காகவும் ஜெபிக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஜெனி மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

நடந்ததை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அதே மருந்தைத் தொடரச் சொன்னார். சில மாதங்கள் கழித்து ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "வைரஸ் இப்ப டெஸ்ட்ல தெரியற அளவுக்கே இல்லைங்க. போயிடலை, அடங்கியிருக்கு. மாத்திரைய மட்டும் விட்டுப்போடாதீங்க" என்றார். ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே நானும் என் கணவரும் கைபிடித்து ஸ்தோத்திரம் சொன்னோம். அதன் பிறகு தத்து உத்தரவும் கைக்கு வந்தது.

நோயை எடுத்துப்போடும் என்றுதான் நான் கேட்டேன். கர்த்தர் முதலில் என் பயத்தை எடுத்துப்போட்டார். உங்களில் யாராவது ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தால், இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்டுத் தயங்கி நின்றால், அவரிடம் மறைக்காமல் பேசுங்கள். என் பயத்தையே தாங்கினவர் உங்கள் பயத்தையும் தாங்குவார்.

நேற்று வீட்டுப்பாடம் எழுதச் சொன்னதற்கு ஜெனி என்னோடு சண்டை போட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். வந்த புதிதில் ஒரு சத்தம்கூடப் போடாத பிள்ளை. நான் வெளியே நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.