கரையோரம் படித்த கடைசி அத்தியாயம்

டவுனில் உப்பளம் என்ற பகுதியில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஐந்தாறு பேர் கூடி ஒரு புத்தகத்தைச் சத்தமாகப் படிப்போம். அந்த வருடம் மழைக்கு முன்பு எடுத்துக்கொண்டது, கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும் ஒரு குப்பத்தைப் பற்றிய நாவல். எங்களுக்குக் கடல் என்றால் பீச்சில் சாயங்கால நடை, ஒரு பொட்டலம் சுண்டல். ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், "இதுல கடல்ங்கிறது மனுஷனோட மறதிதான்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம்.

டவுனுக்கு வடக்கே, காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வரும் தோழி மட்டும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "கடைசி அத்தியாயத்த எங்க வூட்ல வெச்சிப் படிக்கலாம்க்கா" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனோம். நான் முன்பு பார்த்திருந்த மணல்வெளி அங்கே இல்லை. தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்து நின்றன. அவள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வீடுகள் இருந்த இடத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது.

"டவுன்ல கல்லக் கொட்டித் தடுத்துட்டாங்க. இப்ப இங்க அரிக்குது" என்றாள், பஸ் வர நேரமாகும் என்று சொல்வதைப்போல.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தோழியின் அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் படித்தேன். பெரிய அலை ஒவ்வொன்றுக்கும் தரை அதிர்ந்தது. டம்ளரில் டீ நடுங்கியது. கதையில் கோயில் சரியும் இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன்.

"போதும்மா, மிச்சத்த டவுன்ல போய்ப் படிச்சிக்கலாம்" என்றார் வாத்தியார்.

"நடுவுல நிறுத்தாதீங்க" என்றார் அம்மா. "அந்த ஊரு கடைசியில இருக்குதா, இல்லியா?"

தோழி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, தானே முடிவுவரை படித்தாள். ஊர் இல்லை.

அம்மா எழுந்துபோய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "சாப்ட்டுட்டுப் போங்க. கொழம்பு வெச்சிருக்கேன்" என்றார்.

கார்த்திகை மாதப் புயலில் அந்தக் கதவு சுவரோடு போனது. அதற்கு முன்பே தோழியும் அவள் அம்மாவும் அரியாங்குப்பத்தில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கூட்டம் இன்னும் நடக்கிறது. கதையில் தண்ணீர் வந்தால் வாத்தியார் விளக்கம் சொல்வதில்லை. எழுந்துபோய் ஜன்னல் வழியே கிழக்கே, கடல் இருக்கும் பக்கம் பார்க்கிறார்.

நானும் பீச்சுக்குப் போகிறேன். கரையில் கொட்டியிருக்கும் கற்களுக்கு அடியில் தண்ணீர் புகுந்து, எதையோ இழுத்துக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்கிறது. அது எப்போதும் இருந்திருக்கும்.