கிரீம் யாருக்கு?

அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கூச்சமில்லாமல் கேட்கப் பல்கலைக்கழகம் கொடுக்கும் லைசென்ஸுக்குப் பெயர்தான் சமூகவியல் ஆய்வு. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். என் தலைப்பு, ஆண்மையும் அழகுசாதனச் சந்தையும். ‘எனக்காகத்தான் வாங்குகிறேன்’ என்று ஒரு ஆணாவது சொன்னால்தான் ஆய்வேட்டில் முகக்கிரீம் பற்றிய அத்தியாயம் நிற்கும், இல்லாவிட்டால் வெட்டிவிடு என்று நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சாமி படத்துக்குக் கீழே

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை. டிரைவர் ஒருவரின் கேபினில், சாமி படத்துக்குக் கீழே முகக்கிரீம் டியூப் இருந்தது. பாதி தீர்ந்து, அடிப்பக்கம் ஒழுங்காகச் சுருட்டியிருந்தது. மனைவியுடையது என்றார். அந்த அம்மா வண்டியில் வருவாரா என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து ஏறியதே இல்லையாம். நான் டியூபையே பார்ப்பதைக் கண்டு சமாளித்தார்.

“ஊட்டுல வெச்சாக் கரைஞ்சு போயிருதுங்க, அதான் பத்திரமா இங்க வெச்சிருக்கறேன்.”

பாய் கடை

சேலத்தில் பாய் ஒருவர் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். ஆண்கள் கிரீம் கேட்டால் அவரே முந்திக்கொண்டு, வீட்டுக்குத்தானே என்று கேட்டுவிடுவார். அவர்களும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். அன்று வந்தவரிடம், எண்ணெய் வழியும் முகமா, வறண்ட முகமா என்று அடுத்த கேள்வி போட்டார். வந்தவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெய்தான் என்றார். நான் ரிப்பன் அடுக்குப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினேன்.

அவர் போனதும், ஒரே ஒரு தடவை ‘உங்களுக்கா’ என்று கேளுங்களேன் என்று பாயிடம் கெஞ்சினேன்.

“உங்க படிப்பு முடிஞ்சிரும்மா. எனக்கு அவங்க நாளைக்கும் வரணும்.”

எனக்குத்தான்

பரமத்தி பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர், நாற்பதை நெருங்குகிறவர். ஜன்னலோரம் முட்டை அட்டையில் கிரீம், பவுடர், தலைச்சாயம் எல்லாம் வரிசையாக இருந்தன. நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டேன். தனக்குத்தான் என்றார், சர்வசாதாரணமாக. எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுத்த கேள்வியே மறந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். வருகிற ஞாயிறு இன்னொரு குடும்பம் வருகிறது, இந்த முறை பெண்ணும் கூட. எந்தச் சட்டை போடலாம் என்று என்னிடமே கேட்டார். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, நீலம் என்றேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. கிளம்பும்போது தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார்.

“நானே காப்பி கொண்டாந்து குடுத்தா, அந்தப் புள்ளைக்குப் புடிக்குமுங்களா?”

அத்தியாயம் பிழைத்துவிட்டது, இப்போது என் கவலையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காப்பியைப் பற்றித்தான்.