முருகையா எழுதிய வருடம்

தெற்கு அந்தமானின் வண்டூரில் முருகையாவைப் பற்றி விசாரித்தால், அவருக்கு இரண்டு நிலம் என்றுதான் ஊரார் தொடங்குவார்கள். ஒன்றுக்குப் பட்டா உண்டு, ஆனால் அது கடலுக்குள் கிடக்கிறது. இன்னொன்றில் வீடு இருக்கிறது, ஆனால் அந்த மண் வனத்துறையினுடையது.

இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். 1979-இல், பதினோரு வயதில், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையில் நான்காவது பெயராக நிக்கோபாரின் கச்சால் தீவில் வந்திறங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ரப்பர் மரம் சீவினார். 1991-இல் செல்லத்தை மணந்து வண்டூருக்கு வந்தார். செல்லத்தின் தகப்பனார் இராமநாதபுரத்துக்காரர்; சாலை வேலைக்காக வந்து, பழைய குடியேறி ஒருவரிடம் முறைப்படி வயல் வாங்கி, ஒரே மகள் பேரில் எழுதிவைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளையான முருகையா நாற்று நடக் கற்றுக்கொண்டது அந்த வயலில்தான்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் வந்தது. மற்ற இடங்களில் வந்த தண்ணீர் திரும்பிப் போனது. அந்த வயலில் வந்த தண்ணீர் போகவில்லை. தரையே இரண்டு மூன்று அடி இறங்கிவிட்டது என்று பின்னால் வந்த அதிகாரிகள் சொன்னார்கள். கடல் ஏறும்போதெல்லாம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2005 மார்ச்சில் தகரத்தையும் கம்பங்களையும் பிரித்துக்கொண்டு முருகையா பின்னாலிருந்த மேட்டில் ஏறினார். அவரோடு இன்னும் பதினோரு வீடுகள் ஏறின. வன எல்லைக்கல்லைத் தாண்டி நாற்பது எட்டு வைக்கும் தூரத்தில் அவருடைய அடுப்பு எரிந்தது.

வயல் போன பிறகு வயிற்றுப்பாட்டுக்கு வனத்துறையிலேயே தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தார். மூழ்கிய வயல்களில் உப்புநீர்க் கண்டல் நாற்றுகளை ஊன்றுவது வேலை. தம் மாமனார் போட்ட வரப்பின் மேலேயே நாற்று ஊன்றினார். கண்டல் வேர்பிடித்துக் காடாகிவிட்டால் அதை வெட்ட எவருக்கும் உரிமையில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் நேராகவே ஊன்றினார்.

2009 ஏப்ரலில் தேர்தல் வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மகள் புஷ்பாவைப் போர்ட் பிளேயரில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்புகையில், அந்நகரின் லம்பா லைன் பகுதியில் ஒரு கூட்டத்தில் நின்று கேட்டார். கட்சித் தலைவர் ஒருவர் இந்தியில் முழங்கிக்கொண்டிருந்தார். காடு பிழைத்தால்தான் தீவு பிழைக்கும். காட்டு நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பு ஒன்றுகூட விடாமல் அகற்றப்படும். நகரத்து ஜனங்கள் கை தட்டினார்கள். காடு பிழைக்க வேண்டும் என்பதில் முருகையாவுக்கும் கருத்து வேறுபாடில்லை. அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒன்பதாம் நாள் அதே தலைவர் வண்டூர்க் கடைத்தெருவில் நின்று, சுனாமிக்குப் பயந்து மேட்டில் ஏறியவர்களை இறக்க எவனுக்கும் தைரியம் கிடையாது என்றார். மறுநாள் எதிர்க்கட்சியின் சார்பில் ஆவுடையப்பன் என்ற ஓய்வுபெற்ற குமாஸ்தா வீடு வீடாக வந்தார். அவர்கள் கட்சி காட்டையும் காக்கும், மக்களையும் காக்கும். மேட்டை விட்டு இறங்கினால் மாற்று நிலம் உண்டு.

“எங்கங்கய்யா அந்த நெலம்?” என்று கேட்டார் முருகையா.

“அது கவர்மென்ட் பார்த்துச் சொல்லும் தம்பி.”

“நீங்க மொதல்ல பார்த்துச் சொல்லுங்க. நாங்க அப்பறமா எறங்குறோம்.”

அந்த வாரக் கடைசியில் புரோத்ராபூரிலிருந்து ஜம்புலிங்கம் ஜீப்பில் வந்தார். ஒப்பந்தக்காரர், கடைத்தெருவில் பேசிய கட்சிக்கு வண்டூர்ப் பக்கத்துப் பொறுப்பாளர். கையில் ஒரு பட்டியல். மேட்டு வீட்டுக்காரர்கள் பெயர், ஏறிய வருடம், கையெழுத்து. ஜெயித்த மறுவாரமே பட்டாவுக்கு மனுவோடு சேர்த்துக் கொடுப்பார்களாம். பதினோரு பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. எல்லா வரிசையிலும் வருடம் ஒன்றே: 1977.

“என்ன ஜம்பு இது? எழுபத்தேழுல அங்க மரம்தானே நின்னுச்சு.”

“அண்ணே, எழுபத்தெட்டுக்கு முன்னாடி காட்டுல ஏறினவனுக்குத்தான் கவர்மென்ட் அப்ப பட்டா குடுத்துச்சு. சீதா பாத், நேரான விசயம். எழுபத்தேழுன்னு போடுங்க.”

“எழுபத்தேழுல நான் ஹட்டன்ல மூணாம் வகுப்பு. கால்சட்டைக்குப் பொத்தான்கூட கெடையாது.”

“அட, பொத்தானையா ஆபீஸ்ல கேக்கப்போறான்?”

முருகையா இரண்டு நாள் தவணை கேட்டார்.

அன்று மாலை தகரப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். குடும்ப அட்டை, 1979 என்று முத்திரையோடு சொன்னது. சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல், 26-12-2004 வரை வயலிலுள்ள வீட்டில் வசித்தேன் என்று அவர் கையெழுத்திலேயே சொன்னது. 1977 என்று எழுதினால் அந்த வாக்குமூலம் பொய்யாகும். 2005 என்று எழுதினால், காட்டு நிலத்தில் ஏறியதை வனத்துறையின் மஸ்தூரே ஒப்புக்கொண்டதாகும். எழுதாமல் விட்டால், நாளைக்கு உண்மையாகவே பட்டா வந்தால் பன்னிரண்டாவது வீடு அதில் இராது.

“ஊரே ஒரு வருசத்தைச் சொல்லுது. நீங்க மட்டும் பஞ்சாங்கம் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க,” என்றாள் செல்லம்.

“அவங்க யாரும் வாக்குமூலத்துக்கு நகல் வாங்கி வைக்கல புள்ள. பழைய அட்டையெல்லாம் தண்ணி கொண்டுபோயிருச்சு. நம்மளது தப்பிச்சிருச்சு.”

“தப்பிச்சதுக்கு இப்ப அழுவீங்களா?”

“எழுதாம விட்டா?”

“விட்டா நாம யாரு? எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல.”

மூன்றாம் நாள் ஜம்புலிங்கத்தின் பட்டியலில் தம் பெயருக்கு நேரே 2005 மார்ச் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். “ஒங்க வீட்டுக்கு நீங்களே நோட்டீஸ் எழுதிட்டீங்களேண்ணே!”

தேர்தல் முடிந்தது. மனு அலுவலகம் அலுவலகமாக நடந்து வனத்துறையின் கருத்துக்கு வந்தது. ஜூன் மழையில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பகுதிக் காட்டைக் கவனிக்கும் பீட் ஆபீசர் அளவு நாடாவோடு மேடேறினார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க முருகையாவையே அழைத்தார். பன்னிரண்டு வீட்டு வாசலிலும் அவரே நின்று பிடித்தார். ஒன்பதாவது வாசல் அவருடையது. செல்லம் நாடாவைத் தாண்டிக் குடத்தோடு உள்ளே போனாள்.

பதினோரு வீடுகளுக்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆதாரம் எதுவும் இல்லாததால் விசாரணை நிலுவையில் நின்றது. முருகையாவிடம் மட்டும் ஆதாரம் இருந்தது. அவருக்கு நோட்டீஸ் வந்தது: தாமே ஒப்புக்கொண்ட ஆக்கிரமிப்பு; இறுதி உத்தரவு வரும்வரை இடிக்கப்படாது; அதுவரை விரிவாக்கமோ பழுதுபார்ப்போ எதுவும் கூடாது. ஜம்புலிங்கத்தைத் தேடிப் புரோத்ராபூருக்குப் போனார். மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டார், தீபாவளிக்குப் பிறகுதான் வருவார் என்றார்கள்.

கூரையின் வடக்குத் தகரம் துருவேறி ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றுத் தகரம் மழைக்கு முன்பே வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தாயிற்று. ஏற்றத்தான் முடியவில்லை. மேட்டில் எவராவது புதிதாக ஏதேனும் கட்டுகிறார்களா என்று சனிக்கிழமைதோறும் பார்த்துச் சொல்லப் பீட் ஆபீசருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேட்டிலேயே குடியிருப்பவன் என்பதால் அந்தப் பொறுப்பையும் முருகையாவுக்கே கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை ஈரச் சட்டையோடு பீட் அலுவலகத்தில் போய் நின்றார்.

“போலோ முருகய்யா. ஊப்பர் குச் நயா?” மேலே புதிதாக ஏதாவது உண்டா என்று ஆபீசர் பதிவேட்டைத் திறந்தபடி கேட்டார்.

“குச் நஹீ சாப்.” ஒன்றும் இல்லை.

“பாரா கர் மே?” பன்னிரண்டு வீட்டிலுமா?

முருகையா பன்னிரண்டையும் மனத்துக்குள் ஒரு முறை சுற்றி வந்தார்.

“பாரா கர் மே, சாப். ஒரு தகரம்கூட மாத்தல,” என்றார்.

ஆபீசர் எழுதிக்கொண்டு பதிவேட்டைத் திருப்பி நீட்டினார். முருகையா தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.