நாற்பதில் நின்ற முள்

என் மேசையில் செய்தித்தாள் பறக்காமலிருக்க ஒரு பழைய ஆயில் கேஜை வைத்திருக்கிறேன். எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டும் கருவி. நடுத்தரமான ஒரு வடை அளவுதான் இருக்கும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை பத்துப் பத்தாகக் கோடுகள். மண்ணெண்ணெய் விட்டு நாலைந்து தடவை துடைத்துப் பார்த்தேன். வெந்த எண்ணெயின் வாடை போகவில்லை. மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மூக்கில் வந்து ஏறுகிறது.

அந்த வாடையை நான் முதலில் அறிந்தது வாழப்பாடிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில். கணக்கு எழுதப் போயிருந்தேன். வெளியே மரவள்ளிக்கிழங்குத் தண்ணீரின் புளித்த நாற்றம், டீசல் எஞ்சின் அறைக்குள் நுழைந்தால் இந்த எண்ணெய் வாடை. ஒரு சீசனில் எண்ணெய் அழுத்தம் இறங்கியதை யாரும் கவனிக்காமல் விட்டு, அந்த எஞ்சின் இறுகி நின்றுபோயிற்று. களத்தில் குவிந்திருந்த கிழங்கெல்லாம் அழுகியது. மூட்டைக் கணக்கு என்னிடம்தான் இருந்தது. அன்றைக்கு என்னைப் பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை. எஞ்சின் என்று ஒன்று ஓடினால் அதன் முள்ளை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு.

பிறகு முதலாளியின் பழைய அம்பாசிடர் என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் மீட்டர்களெல்லாம் டாஷ்போர்டின் நடுவில். எனக்கோ தூரத்துப் பார்வை நன்றாக இருக்கும், கிட்டத்துப் பார்வை போதாது. கண்ணாடி போட்டால் முள் தெரியும், சாலை தெரியாது. கழற்றினால் சாலை தெரியும், முள் தெரியாது. அதனால் முள் என் மனைவி சரசுவின் பொறுப்பாயிற்று.

அவளுக்கு ஊர் எருமப்பட்டி. சேலம் அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகப் போவோம். வருஷத்துக்கு ஆறு பயணமாவது இருக்கும். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் எஞ்சினைக் கிளப்பிவிட்டு நான் கேட்பேன், "எவ்வளவு?"

"அறுபதுங்க."

மல்லூர் தாண்டினால் மறுபடி, "எவ்வளவு?"

"நாப்பதுங்க. ஏனுங்க, இப்பத்தான சொன்னன்? பொரிகடலை திங்கறதுக்குள்ள என்ன கொறஞ்சிரப் போவுது?"

ராசிபுரம் நெரிசலில் வண்டி நின்று நின்று போகும்போது பதினெட்டு, இருபது என்பாள். சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது அழுத்தம் அவ்வளவுதான் இருக்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. எனக்குத்தான் நம்பிக்கை வராது. புளியமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பேன். அது ஆறும்வரை சரசு புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எங்கூட்டுல சோறாக்கி வெச்சு ஆறிப்போச்சு, இங்க ஒங்க எஞ்சினு ஆற மாட்டேங்குது" என்பாள். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால் அவள் அண்ணன் வாசல் பந்தலடியில் நின்று, "மாப்பிள்ளை வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தீங்களா, தள்ளிக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

பின்வந்த வருஷங்களில் அந்த ஓரங்கட்டல்கள் குறைந்துபோயின. கேட்டபோதெல்லாம் நாற்பது. ராசிபுரத்திலும் நாற்பது. வண்டிக்கு வயதாக ஆகப் பக்குவம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். ஆலையில் ஒரு மூட்டை குறைந்தாலும் தூக்கம் வராத ஆள் நான். இதில் ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

ஓர் ஐப்பசியில் சரசு போய்விட்டாள். வண்டி மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. வருஷ திதிக்கு எருமப்பட்டிக்குக் காரிலேயே போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மகள் மேகலா முன் சீட்டில் உட்கார்ந்தாள். மல்லூர் அருகில் வழக்கம்போல வாய் தானாகக் கேட்டது, "எவ்வளவு?"

அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள், "பூஜ்யம்ப்பா."

அங்கேயே நிறுத்தினேன். மேகலா பஸ் பிடித்து திதிக்குப் போனாள். நான் வண்டியை ஒரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு சேலம் பட்டறைக்கு வந்தேன்.

பட்டறைக்காரர் குமரவேல் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பேரிங் போச்சுங்க சார். எஞ்சின எறக்கணும்."

மறுநாள் வந்த மேகலா, "எஞ்சின எறக்குற அளவுக்குன்னா வேண்டாம்ப்பா. பழைய இரும்புக் கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துரலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சரசு உட்கார்ந்த சீட் வீட்டில் வேறு எங்கே இருக்கிறது? சமையலறையில் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"முதல்ல வேற கேஜ் மாட்டிப் பாருங்க" என்றேன்.

"சார் புஸ்தகம் படிச்சிருக்காருப்பா" என்று குமரவேல் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். ஆனாலும் பக்கத்துப் பட்டறையில் நின்ற போர்வெல் ரிக் வண்டியிலிருந்து ஒரு கேஜைக் கழற்றி வந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகம் அதற்கு. எஞ்சினில் செம்புக் குழாய் சேரும் இடத்தில் ரப்பர் குழாய் வைத்து இணைத்து, கேஜைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முள் துள்ளி அறுபதுக்குப் போனது. சூடாகும்வரை ஓடவிட்டோம். வேகம் கூட்டினால் நாற்பது, விட்டால் பதினெட்டு.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க. நம்மளவிட நல்ல ஒடம்பு" என்றார் குமரவேல், முதல் நாள் தீர்ப்பைச் சொன்னவர் வேறு யாரோ என்பதுபோல.

எனக்குப் போன உயிர் வந்தது. அவர் எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் ஓடிய மெல்லிய செம்புக் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. அறுத்துக் காட்டினார். உள்ளே எண்ணெய் காய்ந்த புளிபோல இறுகியிருந்தது. "கேஜும் உள்ளாற துருப்புடிச்சுக் கெடக்குதுங்க. இது நேத்து முந்தாநேத்து அடைச்சதில்ல. அஞ்சாறு வருசமா இந்த முள்ளு ஆடியே இருக்காது."

"எப்படி? போன வருஷம் எருமப்பட்டி போனப்ப நாற்பது காட்டிச்சே?"

"யாருங்க பாத்தது?"

நான் பதில் சொல்வதற்குள் மேகலா என் கையைப் பிடித்தாள். "அம்மாவுக்குத் தெரியும்ப்பா. நான் பின்னாடி இருந்து ஒருக்கா பாத்துட்டு, முள்ளு பூஜ்யத்துல கெடக்குதேம்மான்னு காதோட கேட்டேன். 'சும்மாயிரு சாமி, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஊடு போய்ச் சேர மாட்டம்'னுட்டாங்க."

முதலில் வந்தது கோபம்தான். எஞ்சின் நிஜமாகவே இறுகியிருந்தால்? அவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமலே அத்தனை பயணமும் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு, பொரிகடலை தின்றுகொண்டு, நாற்பது நாற்பது என்று சொல்லியிருக்கிறாள். சண்டை போட வேண்டும்போல இருந்தது. சண்டை போட ஆள் இல்லை என்பது பட்டறை வாசலில் நின்றபோதுதான் முழுசாக உறைத்தது.

நாமக்கல்லில் பழைய லாரி சாமான் விற்கும் கடையில் பொருத்தமான கேஜ் கிடைத்தது. புதுச் செம்புக் குழாய், புது வாஷர். கழற்றிய பழைய கேஜை நான் பையில் போட்டுக்கொண்டேன். இணைப்பில் எண்ணெய் கசிகிறதா என்று அடியில் காகிதம் விரித்து ஓடவிட்டுப் பார்த்தார் குமரவேல். ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டிக்குக் கிளம்பினோம். திதிக்குத்தான் போக முடியவில்லை, வீட்டையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று. மல்லூர் தாண்டிக் கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் மெதுவாகப் போக வேண்டியிருந்தது.

"எவ்வளவு?"

"இருபத்திரண்டுப்பா." கொஞ்சம் கழித்து, "பதினெட்டு."

பதினெட்டு சரியான அளவு. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஓரங்கட்டினேன். ஆறவிட்டுக் கிளம்பி, அடுத்த ஊரில் மறுபடி நிறுத்தினேன். ராசிபுரத்துக்குள் மூன்றாம் தடவை நிறுத்தியபோது மேகலா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், "நானும் நாப்பதுன்னே சொல்லட்டுமாப்பா?"

கிண்டல் இல்லை அவள் குரலில்.

"சொன்னா நம்ப மாட்டனே சாமி" என்றேன்.

வண்டியைத் திருப்பினோம். எருமப்பட்டியில் சோறு ஆக்கி வைத்திருந்தார்கள். மேகலா போன் செய்து வரவில்லை என்று சொன்னபோது, மச்சான் இந்தத் தடவை கேலி எதுவும் செய்யவில்லையாம்.

அதற்குப் பிறகு எருமப்பட்டிக்குப் போவதென்றால் பஸ்தான், அதுவும் குறைந்துவிட்டது. காரை விற்கவில்லை. வாரம் ஒரு முறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முள்ளைப் பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. இடப்பக்கத்து முன் கதவைத்தான் யாரும் திறப்பதில்லை. கீலில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது.