இரண்டாவது தாள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு கடிதக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கு வந்த கடிதமானாலும் எல்லாருக்கும் முன்னால் படித்து, பிறகு அந்தக் கம்பியில் குத்தி ஏற்றிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கடலூர் மாமா எழுதும் பத்து வரி எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தனக்கென்று ஒரு கடிதம் என்பதே எங்கள் வீட்டில் கிடையாது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊரின் சாரம் பகுதியில் ஓடு போட்ட அந்த வீட்டில், அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று ஐந்து பேர் இருந்தோம். அப்பாவும் அண்ணனும் மில்லில் ஒரே ஷிப்ட். ஐந்து பேருக்கும் தபால் அப்பா பெயர் போட்டுத்தான் வரும்.

படிப்பது என் வேலை. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், அம்மாவுக்கு அதுவும் வராது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றாகவே படிக்கத் தெரியும். ஆனால் நான் படித்தால் ரேடியோவில் செய்தி கேட்பது மாதிரி இருக்கிறது என்று அப்பா ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த உத்தியோகம் எனக்கு நிரந்தரமாகிவிட்டது. பதினைந்து வயதில் எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

அண்ணியோடு படித்த சிநேகிதி ஒருத்தி சொல்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்குப் போயிருந்தாள். பிரெஞ்சு ராணுவத்தில் இருப்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து கடிதம் வரும். அந்த ஊர் தபால்தலையைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கால் தரையில் நிற்காது. உறையை வாங்கி, அப்பா வரும்வரை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். மில் சங்கு ஊதி, அப்பாவும் அண்ணனும் வந்து குளித்து முடித்ததும், எதிர் வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துவிடுவாள். அங்கே பனி கொட்டுகிறதாம், வாசலைத் திறக்க முடியவில்லையாம் என்று நான் படிக்கப் படிக்க, அப்பா ஏதோ தானே அந்தப் பனியை ஏற்பாடு செய்தவர் போலத் தலையை ஆட்டுவார்.

ஒருநாள் அண்ணி என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாள்.

"பாப்பா, அடுத்த கடுதாசியில ரெண்டு தாள் இருக்கும். பெரிசு எல்லாருக்கும். சின்னதா மடிச்சிருக்கறது எனக்கு மட்டும். அத படிக்காம எங்கிட்ட குடுத்துடு, இன்னா?"

சரி என்றேன். உறையைப் பிரிக்கும்போதே சின்ன தாளைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரியதை மட்டும் சத்தமாகப் படிப்பேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அண்ணி கையில் கொடுப்பேன். ஏழெட்டுக் கடிதங்கள் வரை இதைச் சுத்தமாகச் செய்தேன். ஒரு தடவைகூட மடிப்பைப் பிரித்துப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தை நினைத்தால் அந்தச் சிறுமியை எனக்குப் பிடிக்கிறது.

அண்ணிக்குக் கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. அம்மா நேராகத் திட்ட மாட்டாள். தெருவில் யாராவது கைக்குழந்தையோடு போனால், "ம், அவங்கவங்க குடுத்து வெச்சது" என்று அடுப்படிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள். அண்ணி பாத்திரத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தேய்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் விடுமுறைக்கு வந்த யாரிடமோ சிநேகிதி ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தாள். அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லியும் வைத்துவிட்டேன். அண்ணி அதைக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த தன் தங்கைக்குக் கொடுத்தாள். "அடுத்த தபா உனக்குக் கேட்டு வாங்கித் தரேன் பாப்பா" என்றாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரத்தில்தான் கடிதம் வந்தது.

வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய தாளைப் படித்து முடித்தேன். சின்னது என் மடியில் இருந்தது. வேண்டுமென்றேதான் அதை இடுப்பில் செருகாமல் விட்டிருந்தேன். அண்ணி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போதே மடிப்பைப் பிரித்தேன். முதல் வரியில், "இது உனக்கு மட்டும்" என்று இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து படித்தேன்.

"ஆஸ்பத்திரியில் உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று சொன்னது தெரிந்து நிம்மதியாக இருக்கிறது. அவரும் பரிசோதனைக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாரே, அதுதான் பெரிய விஷயம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் கூட்டிக்கொண்டு போ."

இதற்கு மேல் என்னாலேயே படிக்க முடியவில்லை. எதிர் வீட்டு அக்கா யாரையும் பார்க்காமல் எழுந்து போனாள். அப்பா, "போதும்மா, வை" என்றார். அண்ணன் வந்து என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினான். அவன் முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஊரு பூரா எழுதி அனுப்பிட்டியா?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டான். தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டு, சட்டையைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான்.

அண்ணி எனக்குச் சோறு போடும்போது, "பழக்கத்துல படிச்சிட்டேன் அண்ணி, எது பெரிசு எது சின்னதுன்னு பாக்கல" என்றேன்.

"சரி பாப்பா, சாப்புடு" என்றாள்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை, அடுத்த வருடமும் போகவில்லை. பிரான்சிலிருந்து இனிக் கடிதம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டான், கடிதமும் நின்றது. தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகு எந்த முகத்தோடு டாக்டர் முன்னால் போய் நிற்பது என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். போயிருந்தால் ஏதாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. போகத் தயாராக இருந்தான் என்பது தெரியும். அவனைப் போகவிடாமல் செய்தது நான். அவர்களுக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. எனக்குப் பிரசவமானபோது அண்ணிதான் மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அவள் என் மகனைக் குளிப்பாட்டுவதை ஒருநாள்கூட என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. அண்ணி இப்போது எங்களோடு இருக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதையும் கூடத்தில்தான் வைத்திருக்கிறோம். சிநேகிதியின் விலாசத்தை எப்படியோ தேடிப் பிடித்த என் மகன், தனக்கு, எனக்கு, அண்ணிக்கு என்று மூன்று ஈமெயில் கணக்கைத் தனித்தனியாக ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்தான்.

"ஒருத்தர் கடுதாசி இன்னொருத்தர் கண்ணுலயே படாது அத்தை" என்று அவன் பெருமையாகச் சொன்னபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்போது இப்படி ஒரு வசதி இல்லையே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அண்ணியும் சிநேகிதியும் தங்களால் முடிந்த வசதியைச் செய்துதான் வைத்திருந்தார்கள். ஒரு தாளைச் சின்னதாக மடித்து, என்னை நம்பிக் கொடுத்தார்கள்.

போன மாதம் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாளைக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். நாலாவது நாள் காலையில் அண்ணி சொல்லி அவள் கணக்கைத் திறந்து பார்த்து, "அத்தை, உன் பிரெண்டுகிட்டேருந்து மெயில் வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குக் கிளம்பினான். அண்ணி தட்டித் தடவி வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"நான் படிக்கட்டுமா அண்ணி?" என்றேன்.

கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினாள். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"வேணாம் பாப்பா. மாடி வூட்டுப் பொண்ணு காலேஜ் வுட்டு வரட்டும்."

அந்தப் பெண் வருவதற்கு நாலரை ஆகும். அப்போது மணி பதினொன்று.