ஊருக்குப் போனால் பயணப்படி இல்லை

ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பது, பசித்து வருகிறவர்களிடம் சமையல்காரர் ஏதோ கூட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லும் வேலை. எழுபதுகளின் பிற்பகுதியில் மெல்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் அதைத்தான் செய்தேன். அடுத்தவர் எடுத்த முடிவுக்காக மேசையில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு என் நிலைமையை விளக்கத் தேவையில்லை.

களப்பணி

ரூத் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். அவளுடைய மக்களை அவர்கள் நிலத்திலிருந்து பிடுங்கி, அரசு ஓரிடத்தில் அடைத்து வைத்திருந்தது. அந்தக் குடியிருப்பின் வரலாற்றைத்தான் முனைவர் பட்டத்துக்கு எழுதினாள். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயங்கள் பாக்கி. ஆய்வேட்டை முடிப்பதற்கென்றே ஒரு சிறு நிதி இருந்ததால் விண்ணப்பித்தாள்.

அதே ஊரைப் பற்றி எழுதிய பீட்டர் என்ற வெள்ளைக்கார மாணவனும் விண்ணப்பித்தான். அங்கே போய் முதியவர்களிடம் பேச இருவரும் பயணப்படி கேட்டார்கள். பீட்டருக்கு உடனே கிடைத்தது. ரூத்துக்கு மறுத்துவிட்டார்கள். நிதிக் குழுவின் தலைவரான பேராசிரியரிடம் காரணம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பீட்டர் களப்பணிக்குப் போகிறான். அவள் வீட்டுக்குத்தானே போகிறாள்?"

நடுநிலை

பயணப்படி கிடைக்காமல் போனாலும், எழுதும் மாதங்களுக்கான உதவியாவது கிடைக்கும் என்று நம்பினோம். அதற்குக் குழு ரூத்தை நேரில் அழைத்தது. குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன்.

சொந்த மக்களைப் பற்றி எழுதுகிறவர் நடுநிலையாக இருக்க முடியாதே என்று பேராசிரியர் இழுத்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகமோ இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊரின் வரலாறு. ரூத் அதைப் படித்திருந்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் எழுதியபோது நடுநிலையை யார் சோதித்தார்கள், ஐயா?"

அந்த உதவியும் கிடைக்கவில்லை.

ஸ்பிரிங்வேலில் விருந்து

நம்மவர்களாவது கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். மெல்பனின் புறநகரான ஸ்பிரிங்வேலில் புது வீடு வாங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் ஒருவர் விருந்துக்கு அழைத்திருந்தார். அவரே இந்த நாட்டு உதவித்தொகையில் படித்தவர். நடந்ததை ஆத்திரத்தோடு சொல்லி முடித்தேன்.

"உமக்கேன் பிள்ளை இந்த வில்லங்கம்? நாங்கள் வந்த ஆக்கள். சோத்தைப் போட்டுச் சாப்பிடும்" என்றார்.

"ஓம் அண்ணை, வந்த ஆக்கள்தான். ஆரின்ர காணிக்கு வந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

அவருடைய மனைவி கறிச்சட்டியோடு அப்படியே நின்றார். அவர் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "வங்கிக்கு மாசாமாசம் நான்தானே கட்டுறன். என்ர காணிதான்."

அட்டைப்படம்

ரூத் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரமெல்லாம் அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு, விடுமுறை நாட்களில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக் குசினிக்குப் போவேன். அவள் எழுத எழுத நான் தட்டினேன். சில பக்கங்களில், அரசு பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து வண்டியேற்றிக் கொண்டுபோன இடங்களில், இருவருக்கும் கை ஓடாது. எழுந்து தேநீர் போடுவோம்.

பீட்டர் பாதியில் படிப்பை விட்டுவிட்டான். ரூத் பட்டம் வாங்கினாள்.

மறுவாரமே பேராசிரியர் என்னை அழைத்தார். பல்கலைக்கழக மலரின் அட்டையில் ரூத்தின் படம் வர வேண்டுமாம். கீழே, "எங்கள் நிதியுதவியால் சாதித்தவர்" என்று ஒரு வரியாம். ரூத்திடம் சொன்னேன். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்: "படம் எடுத்துக்கொள்ளட்டும். கீழே, 'பிஸ்கட் சுட்டுச் சாதித்தவர்' என்று போடச் சொல்."

சொந்த மக்களைப் பற்றி எழுதுகிறவர், எழுதி முடிக்கும்வரை பல்கலைக்கழகத்துக்கு வெளியாள், முடித்த மறுநாள் 'எங்கள் ரூத்' என்பதுதான் அந்த எழுத்தர் நாற்காலியில் இருந்து நான் படித்த பாடம்.