கன்றுகளுக்குத் தீனி பார்த்த கௌரி அக்கா

செய்தி வந்தபோது நான் பண்ணையில் கன்றுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். கௌரி அக்காவின் ரொறன்ரோத் தம்பிதான் போனில் கூப்பிட்டார். "மலர் அக்கா, விடிய அவவின்ர மூச்சு நிண்டுது" என்றார். அங்கே ஒவ்வொரு கன்றுக்கும் வேறு வேறு தீனி, நேரம் பிந்தவும் கூடாது. மிச்சக் கன்றுகளுக்கும் வைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து பனியில் நின்றேன். அழுகை வரவில்லை. இன்னும் சரியாக வரவில்லை.

இதை வாசிக்கிற நீங்கள் பலரும் அவரை எங்கள் கோயிலில் கண்டிருப்பீர்கள். ஊரில் மாட்டு வைத்தியராக இருந்தவர். இங்கே, எங்கள் நகரம் இருக்கிற தீவின் மேற்கு முனையில் உள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்தார். இறைச்சிக்கு வளர்க்கிற கன்றுகள் தசை வைக்கப் புரதத்தில் உள்ள எந்த அமினோ அமிலம் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பதுதான் அவரின் வேலை. ஒருநாள் அன்னதானத்தில் ஒரு அம்மா, "மாட்டைக் கொழுக்க வைச்சு வெட்ட அனுப்புற டொக்டர் நீங்கள்தானே?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். "ஓம் அம்மா. நான் மாடு தின்னிறேல்லை. மாடு என்ன தின்னுதெண்டு பாக்கிறன். கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றார் அக்கா. அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

எனக்கு அந்தப் பண்ணையில் முதலில் தொழுவம் கழுவுகிற வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். நாங்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். புரதத்தை அள்ளிப் போட்டால் கன்று வளரும்தானே என்று ஒருநாள் கேட்டேன். "அப்பிடியில்லை மலர். லைசின் எண்டு ஒரு அமினோ அமிலம் இருக்கு. அது குறைஞ்சால் மற்றதை எவ்வளவு கொட்டினாலும் தசையாகாது. கன்று மூத்திரமாப் பெஞ்சுபோடும்" என்றார்.

நான் சேர்ந்த முதல் பனிக்காலத்தில் அவர் ஒரு பிழை விட்டார். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள கிருமிகள் லைசினைத் தின்றுவிடும் என்று, அதற்குக் கொழுப்புப் பூச்சுப் பூசித்தான் தீனியில் கலப்பார்கள். அன்று கடும் குளிர், தீனியில் ஒரே தூசி, கன்றுகள் இருமின. ஊரில் புண்ணாக்கு ஊறப்போட்ட கை சும்மா இருக்குமா? சுடுதண்ணீரை ஊற்றிக் குழைத்து வைத்துவிட்டார். பூச்சு உருகிப்போனது. யாரும் காணவில்லை. அவரே ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியரிடம் போய், அந்தக் கன்றுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நான் பழுதாக்கிவிட்டேன் என்று சொன்னார். அந்தப் பனிக்காலத்து வேலை முழுக்க வீணாய்ப் போனது.

"பேசாமல் இருந்திருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"கன்று வளராட்டி லைசின்தான் சரியில்லையெண்டு எழுதுவினம். பேந்து அதை நம்பி எத்தினை பேர் தீனி வைப்பினம்?"

போன வருடம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். டவுன்டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸும் ரெயினும் மாறி நான் கஞ்சி, மீன் சொதி, முட்டை என்று கொண்டுபோனேன். எப்படியாவது சாப்பிட வைத்துவிட்டால் பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்து, "தசை போகுது மலர். உடம்பு தன்னைத்தானே தின்னுது" என்றார்.

"எது குறையுதெண்டு சொல்லுங்கோ அக்கா, எங்கையெண்டாலும் தேடிக் கொண்டாறன்."

"விசரி. குறையிறது என்னெண்டு தெரிஞ்சாலும் இனி உள்ள போகாது."

ரொறன்ரோவிலிருந்து தம்பி போன் எடுத்து, அக்கா சாப்பிட்டாரா என்று கேட்டார். "ஓம் தம்பி, வடிவாச் சாப்பிட்டவ" என்றேன். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கினார். "அவள் உனக்காகச் சொல்லுறாள். ரெண்டு கரண்டி. அதுவும் வயித்தில நிக்கேல்லை. நீ கெதியா வா" என்றார். தம்பி அடுத்த நாளே வந்தார். அதனால்தான் அக்கா கதைக்கக்கூடியதாக இருந்தபோது அவரால் பார்க்க முடிந்தது.

செத்தவீட்டில் பலர் என் கையைப் பிடித்து, "ஆறுதலாப் போயிட்டாவாம், குடுத்து வைச்சவ" என்றார்கள். நான் தலையாட்டவில்லை. கோபிக்க வேண்டாம். கடைசிக் கிழமை அவர் என்னிடம், "பசிக்குது மலர். சாக எனக்கு விருப்பமில்லை" என்றார். நான் கொண்டுபோன கஞ்சி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, உள்ளதை உள்ளபடி சொல்கிற இந்த ஒன்றுதான். இதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. என்றாலும் விடமாட்டேன். கௌரி அக்கா பசியோடுதான் போனார்.